நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து வாருங்கள்

(கடலூரில் இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டேன், பயப்பட வேண்டாம்.

காலையில் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 2024 பிப்ரவரியில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியச் சட்டம் அமலுக்கு வந்தது, அதுவரை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) அந்த நிதியத்துக்குள் போனது. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் படிவம் ஒரு நாளில் பழகிவிடும். கேள்வியைச் சுருக்கத்தான் வருடக்கணக்கில் ஆகிறது.

என் முதல் புரொபோசல், இந்தக் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றியது. அதோடு நின்றேனா? மண், மீன், ஆலைக் கழிவு, மக்களின் உடல்நலம் என எல்லாவற்றையும் 3 ஆண்டில் முடித்துத் தருவதாக எழுதினேன். நோக்கங்கள் அதிகம் என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஊர்க்காரர்களுக்குத்தான் பணம் கொடுப்பார்கள் என்று டீக்கடையில் புலம்பித் தீர்த்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் எனக்கே மூச்சு வாங்கியது! அப்புறம் ஒரே கேள்வியாக்கினேன்: மழைக்கு முன்னும் பின்னும், கெடிலம் முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை கிணற்று நீர் கரிக்கிறது? அதற்குப் பணம் வந்தது.

ஆகவே பயிற்சி என்றால், ஆறு விண்ணப்பங்களை உங்கள் கையில் கொடுத்து, இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது, தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் முதல் பக்கத்தில் நாட்டின் பெருமையை எழுத மாட்டார்.

நம் ஊர் சின்ன ஊர் என்ற தாழ்வு மனப்பான்மையும் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தோப்புகள் எப்படி மீண்டன என்று கேட்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டுமா? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. கூட்டாளி தேடி விமானம் ஏற வேண்டாம், பஸ் போதும்.

பட்ஜெட்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். திட்டத்தில் வேலை செய்யும் இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு அவர் முதுநிலை ஆய்வாளராக (எஸ்.ஆர்.எஃப்.) உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே ஓர் ஆளுக்கு மூன்று ஆண்டில் 13 லட்சத்து 92 ஆயிரம். இதைப் பழைய தொகையில் போட்டுவிட்டு, பிறகு வேதிப்பொருள் வாங்கக் காசில்லாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவு ஊழியரிடம் இப்போதே நட்பாக இருங்கள். மார்ச் 31 தாண்டி, கொடுத்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்காக நீங்கள் அவர் மேசை முன்னால்தான் நிற்கப் போகிறீர்கள். அது போகாமல் அடுத்த தவணை வராது.

சரி, தேநீர் வந்துவிட்டது. நாளை ஒவ்வொருவரும் நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தை, வந்த கடிதத்தோடு எடுத்து வாருங்கள். வெட்கப்படுகிறவர்களுக்காக என்னுடையதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். இன்றிரவே படித்து, முதலில் அதைக் குறை சொல்லிப் பிய்த்து எறியுங்கள்.