விமானிகள் கண்ட வெளிச்சங்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணூர் கடற்கரையில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற வேலையை நானும் சில நண்பர்களும் செய்துவருகிறோம். பிள்ளைகளோடு பெரியவர்களும் வருவார்கள். நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்த பிறகு யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து கேட்பார்: "சார், பிளேன் ஓட்டுறவங்களே வானத்துல என்னென்னமோ வெளிச்சம் பாத்திருக்காங்களாமே, அதெல்லாம் என்ன சார்?" சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி இல்லை இது. பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

விமானியின் கண்ணை நம்பலாம் என்பதுதான் என் கருத்து. ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று அவர் சொன்னால் பார்த்திருக்கிறார். அது என்ன என்று அவர் செய்யும் ஊகத்தை மட்டும் தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் கேலியும் இன்னொரு பக்கம் பறக்கும் தட்டுக் கதைகளும் வளர்கின்றன.

விமானி உட்கார்ந்திருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 35,000 அடி உயரத்தில், தூசியும் நகரத்து வெளிச்சமும் கீழே போய்விட்ட இருட்டில், காக்பிட் விளக்குகளை மங்கலாக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வெளியே பார்க்கிறார். அந்த உயரத்தில் தொடுவானம் சுமார் 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் மேகத்தில் பட்டு ஆரஞ்சு நிறமாகத் தெரியும் நம் வானத்தில் காணவே முடியாத பலவும் அவருக்குத் தெரியும்.

முதலில், நம் ஊர் வழியாகப் போன ஒரு விமானத்தின் கதை. 1982 ஜூன் மாதம். லண்டனிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9ஆம் எண் விமானம், பம்பாய், மதராஸ், கோலாலம்பூர் என்று இறங்கி ஏறிப் போகும் போயிங் 747. ஜூன் 24 இரவு, கோலாலம்பூரை விட்டு ஆஸ்திரேலியா நோக்கிப் போகையில், ஜாவா தீவுக்குத் தெற்கே கண்ணாடியில் நீலமும் வெள்ளையுமாக ஒளி ஓடத் தொடங்கியது. இறக்கைகளின் முன்விளிம்பு மின்னியது. என்ஜின்களுக்குள்ளே விளக்கு வைத்தது போல வெளிச்சம். ரேடாரில் மழை மேகம் எதுவும் இல்லை. பயணிகள் இருந்த பகுதியில் கந்தக நெடியோடு புகை. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக நான்கு என்ஜின்களும் நின்றுபோயின.

அந்த ஒளிக்கு செயின்ட் எல்மோ தீ என்று பெயர். பாய்மரக் கப்பல் காலத்திலேயே இடிமழை இரவுகளில் மாலுமிகள் பாய்மர உச்சியில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கூர்மையான முனையைச் சுற்றி மின்புலம் மிக வலுவாகும்போது அங்கிருக்கும் காற்று மின்னேற்றம் பெற்று ஊதாநீலமாக ஒளிரும். பெயரில்தான் தீ இருக்கிறது; எதுவும் எரிவதில்லை. இடிமேகத்தின் ஓரமாகப் பறக்கும்போது விமானிகள் பலர் இதைக் கண்டிருக்கிறார்கள், பொதுவாக அது ஆபத்தில்லாதது. அன்றைக்கு மின்னேற்றத்தை உண்டாக்கியது மழைமேகம் அல்ல, கலுங்குங் எரிமலையின் சாம்பல். சாம்பல் துகள்கள் விமானத்தின் உடலில் உரசி உரசி மின்னேற்றம் சேர்ந்தது. சாம்பல் உலர்ந்தது, வானிலை ரேடாரோ நீர்த்துளியைத் தேடுவது. அதனால்தான் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. துகள்கள் என்ஜினின் வெப்பத்தில் உருகி, உள்ளே படிந்து, காற்றோட்டத்தை அடைத்தன.

37,000 அடியிலிருந்து அந்தப் பெரிய விமானம் என்ஜின் இல்லாமலே சரிந்து இறங்கியது. சாம்பலை விட்டு வெளியே வந்து, உருகிப் படிந்தவை குளிர்ந்து உடைந்து உதிர்ந்த பிறகு, என்ஜின்கள் மறுபடி உயிர்பெற்றன. சாம்பல் தேய்த்ததில் முன்கண்ணாடி மங்கிப்போயிருந்தது. வெளியே சரியாகத் தெரியாத நிலையிலும் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் எரிமலைச் சாம்பலைக் கவனித்து விமானங்களை எச்சரிக்க 9 மையங்கள் இயங்குகின்றன என்றால், அதற்குத் தூண்டுதலாக இருந்த நிகழ்ச்சிகளில் இது முக்கியமானது. கண்ணாடியில் ஓடிய அந்த ஒளி, ரேடார் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு ஒளியின் கதை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இடிமேகத்துக்கு மேலே, வானத்தை நோக்கி, ஒரு கணம் சிவப்பாக ஏதோ பளிச்சிட்டு மறைவதை விமானிகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். மின்னல் கீழே போகும், மேலே எப்படிப் போகும் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேகத்துக்கு மேலேயும் மின்னிறக்கம் நடக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1920களிலேயே எழுதியிருந்தார். அதுவும் ஏட்டோடு நின்றது. 1989 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் மங்கலான ஒளியைப் பிடிக்கும் கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தற்செயலாக அது படத்தில் விழுந்தது. இன்று அதை ஸ்பிரைட் என்கிறோம். வலுவான மின்னல் ஒன்று தரையில் இறங்கிய அடுத்த கணம், 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், காற்றிலுள்ள நைட்ரஜன் சிவப்பாக ஒளிரும். நம் வலையில் சிக்குகிற சொறிமீன் போல, மேலே குடையும் கீழே தொங்கும் இழைகளுமாக இருக்கும். ஆயுள் சில மில்லிவிநாடிதான்.

அத்தனை காலமும் அந்த விமானிகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கேட்டவர்கள்தான் நம்பவில்லை. எத்தனை பேர், வேலைக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. வானத்தில் காணும் புரியாத காட்சிகளை ஆராய நாசா அமைத்த குழுவின் அறிக்கை 2023 செப்டம்பரில் வெளிவந்தது; அதுவும் இதைச் சொல்கிறது: கேலிக்கு அஞ்சி ஆட்கள் சொல்லாமல் விடுவதால் தகவலே கிடைக்காமல் போகிறது. விளக்கப்படாத இந்தக் காட்சிகள் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

மேகத்துக்கு மேலே பாயும் இந்த ஒளிகளில் நீல நிறத்தவையும் உண்டு. 2015 செப்டம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஆந்திரியாஸ் மோகென்சன் என்ற டென்மார்க் வீரர் ஒரு புயல்மேகக் கூட்டத்தைப் படம்பிடித்தார். 160 விநாடிப் படத்தில் 245 நீல ஒளிர்வுகள். அவற்றில் ஒன்று 40 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பியது. எங்கே என்கிறீர்கள்? நம் வங்காள விரிகுடாவின் மேலேதான்.

சரி, கண் சரியாகப் பார்த்தும் ஊகம் தவறுகிற இடங்களுக்கு வருவோம். அதில் முதல் இடம் வெள்ளிக் கிரகத்துக்கு. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களுக்கு விடிவெள்ளியை அடையாளம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் 2011 ஜனவரியில் அட்லாண்டிக் கடல் மேல் ஒரு பயணிகள் விமானத்தில், சிறிது தூங்கி எழுந்த துணை விமானி, வெள்ளியைத் தங்களை நோக்கி வரும் விமானம் என்று நினைத்தார். பிறகு வேறொரு விமானம் கீழே எதிரே வருவதைக் கண்டு, மோதிவிடும் என்று விமானத்தைச் சட்டென்று கீழே இறக்கினார். 16 பேருக்குக் காயம். அவரைக் குறை சொல்வது எளிது. தூக்கம் கலையாத மூளையும் சுற்றிலும் இருட்டும் சேர்ந்தால் யாருக்கும் நடக்கும். ஒப்பிட வேறு எதுவும் இல்லாத இருட்டில் ஒற்றை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அசையாமல் நிற்பதும் நகர்வதாகத் தோன்றும். நீங்களே இருட்டறையில் சோதித்துப் பார்க்கலாம்.

புள்ளிகளுக்கு நடுவே மனம் உடலையும் வரைந்துவிடும். 1968 மார்ச் 3ஆம் தேதி சோவியத் விண்கலமான ஸோண்ட் 4-ஐ ஏவிய ராக்கெட்டின் சிதறல்கள் அமெரிக்க வானத்தில் எரிந்துகொண்டே வரிசையாகப் போயின. பார்த்தவர்களில் சிலர், ஜன்னல்களில் விளக்கெரியும் ஒரே நீண்ட ஊர்தியைக் கண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். வரிசை உண்மை, வெளிச்சம் உண்மை. ஊர்தி மட்டும் இல்லை. 2022 ஏப்ரல் 2ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் மக்கள் பார்த்ததும் இதே வகைதான். அது ஒரு சீன ராக்கெட்டின் மிச்சம். அன்று சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையம் ஒன்றும் வந்து விழுந்தது. எரிகல் பெரும்பாலும் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். ராக்கெட் மிச்சமோ நிதானமாக, பல துண்டுகளாக, வானத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும்.

ராக்கெட் நமக்குப் புதிதில்லை. பழவேற்காடு தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. எண்ணூரிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டர்தான் இருக்கும். 2022 அக்டோபர் 23 அன்று நள்ளிரவு 12 மணி 7 நிமிடத்துக்கு 36 செயற்கைக்கோள்களோடு எல்விஎம்3 ராக்கெட் கிளம்பியது நினைவிருக்கலாம். இப்படி ஏவும்போதெல்லாம் மீனவர்களுக்கு எச்சரிக்கை வருவது போலவே விமானிகளுக்கும் நோட்டாம் என்ற முன்னறிவிப்பு போகும். அதைப் படித்த விமானிக்கு அது ராக்கெட். படிக்காத கண்ணுக்கு அது புதிர்.

இப்போது விமானிகள் அதிகம் சொல்வது ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவைச் செயற்கைக்கோள்களின் வெளிச்சம். 2019 மே மாதம் முதல் தொகுதி 60 செயற்கைக்கோள்கள் மேலே போயின. இன்று ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன, பெரும்பாலும் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில். தொடுவானத்துக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சம் பளிச்சென்று கூடி, மங்கி, மறையும். உடனே அதே இடத்தில் இன்னொன்று. சில எதிர்த்திசையிலும் போகும். இதனால் ஒரே பொருள் வட்டமடிப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு செயற்கைக்கோள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 40 பாகை இறங்கியிருக்கும்போது, சூரியன் இருக்கும் திசையில் தொடுவானத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு பகுதியைக் கடக்கிற செயற்கைக்கோளின் தட்டையான அடிப்பரப்பு சூரிய ஒளியை நம் பக்கம் திருப்புகிறது. அந்தப் பகுதியை விட்டு நகர்ந்ததும் அணைந்துவிடும். வடக்கே தூரத்து நாடுகளில் சில பருவங்களில் நள்ளிரவை ஒட்டிச் சூரியன் இந்த 40 பாகை அளவிலேயே நெடுநேரம் இருப்பதால் இது மணிக்கணக்கில் நீடிக்கும், வடதிசையில்.

நம் சென்னைக்குக் கணக்கு வேறு. இரவு 9 மணியை ஒட்டி மேற்கே, விடியற்காலை 3 மணியை ஒட்டிக் கிழக்கே. மேற்கே கட்டடமும் புகையும் மறைக்கும். கிழக்கே கடல். மேகம் இல்லாத இரவில், காசிமேட்டிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ அந்த நேரத்தில் படகு இறக்குகிறவர்கள் தொடுவானத்தை ஒட்டிக் கவனித்தால், விமானிகள் பார்ப்பதையே பார்க்க வாய்ப்பு உண்டு. பார்த்தால் மணி எத்தனை, எந்தத் திசை, தண்ணீருக்கு மேலே எத்தனை விரற்கடை உயரம், எவ்வளவு நேரம் இருந்தது, மறுபடி அதே இடத்தில் வந்ததா என்று குறித்து வையுங்கள். இந்த ஐந்தும் இருந்தால் அது எந்தச் செயற்கைக்கோள் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம். கணக்கில் அடங்காத ஒன்றாக இருந்தால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு இன்னும் அதிகம். எண்ணூர் கடற்கரைக்கு வந்து என்னிடம் காட்டுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

நன்றி, வணக்கம்.