ஜாலான் காயு தாத்தாவும் இம்பால் ஓடுதளமும்

அவைத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் நமக்காக நேரம் ஒதுக்கிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, வரவேற்புரை வழங்கிய செயலாளர் அம்மையார் அவர்களே, வணக்கம். முன்வரிசையில் என் தமிழாசிரியர் அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் முன்னால் நின்று பேசுவதே எனக்குப் பெருமை. பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த ஏற்பாட்டாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். எல்லா மன்றங்களும் இந்த வழக்கத்துக்கு மாற வேண்டும்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் தாத்தாவின் விமானப்படைப் பணி ஒன்று, அவருடைய இல்லறம் ஒன்று, நம் சிங்கப்பூரின் சிலேத்தார் விமானத்தளம் நம் மக்களுக்குக் கொடுத்த வாழ்வு ஒன்று.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி தொடங்கப்பட்டது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் தாத்தா அதில் சேர்ந்தது 1942-இல். விமானி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எஞ்சின் பிட்டர். 1944 பிப்ரவரியில் முதலாம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு தன் ஹரிகேன் போர் விமானங்களோடு மணிப்பூரின் இம்பாலுக்குப் போனது. தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். அந்த ஆண்டே மவுண்ட்பேட்டன் பிரபு நேரில் வந்து அவருக்குப் பதக்கம் அணிவித்தார். விமானியின் நெஞ்சில் பதக்கம் ஏறியது நியாயம்தான். அந்த ஹரிகேனின் பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சினை இரவெல்லாம் கழற்றி மாட்டியவர்களின் கை எண்ணெய்க் கறையை யார் எழுதிவைத்தார்கள்?

மார்ச் இறுதியில் ஜப்பானியர் கோஹிமாச் சாலையைத் துண்டித்துவிட்டார்கள். ஜூன் 22 வரை இம்பாலுக்கு அரிசியும் குண்டும் மருந்தும் வானத்திலிருந்துதான் வந்தன. இந்திய விமானப்படைக்கு ‘ராயல்’ என்ற பட்டம் கிடைத்தது 1945 மார்ச்சில். தாத்தாவோ ரேஷன் குறைந்ததைப் பற்றித்தான் பேசுவார், பட்டத்தைப் பற்றிப் பேசமாட்டார். அதுவும் பிள்ளைகளிடம் இல்லை. பாட்டி காய் நறுக்கும்போது அவரிடம் மட்டும்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு.

போர் முடிந்ததும் தாத்தா சிங்கப்பூருக்கு வந்தார், சிலேத்தாரில் வேலை கிடைத்தது. பெண் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனார்கள். கேசரி வந்தது, காப்பி வந்தது. பெண்ணின் அண்ணன் கேட்டார்: “மாப்பிள்ளை, சண்டை நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?” தாத்தா சொன்னார்: “இம்பால்ல.” அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “நானும் இம்பாலுக்குத்தாங்க கிளம்பினேன். உள்ள விடல.”

ஆம். அவர் ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் படை! 1943 ஜூலையில் இங்கே பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கேட்டு, மலாயாத் தோட்டங்களிலிருந்தும் இந்தத் தீவிலிருந்தும் கிளம்பிய ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர். பர்மாவின் சிண்ட்வின் ஆற்றங்கரை வரை போனவர். “மேல பிளேன் வந்தா மூட்டையைப் போட்டுட்டுக் காட்டுக்குள்ள ஓடுவோம். யாரு பிளேன்னு பார்க்கவா நேரம்? உங்க பிளேனா அது?” என்று கேட்டாராம். தாத்தா பொய் சொல்லவில்லை. “இருக்கலாம்” என்றார். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பெரிய அத்தை வெளியே வந்து அதட்டினார்: “ரெண்டு பேரும் ஒரே காட்டோரத்துல பசியோட கிடந்திருக்கீங்க. முதல்ல உட்கார்ந்து சாப்பிடுங்க!”

உட்கார்ந்தார்கள். அந்த அண்ணன் தன் கேசரியில் பாதியை மாப்பிள்ளை தட்டில் வைத்தார். அடுத்த தை மாதம் கல்யாணம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்! சாகும்வரை அந்த இருவரும் மச்சான், மச்சான் என்றே இருந்தார்கள். பிரிட்டிஷ்காரனா நேதாஜியா என்று வாரம் ஒரு சண்டை. சண்டை முடிந்ததும் பாட்டி கையால் ரசம். சிலேத்தார் தளத்துக்கு அருகே ஜாலான் காயுவில் ஐந்து பிள்ளைகள் வளர்ந்த அந்த வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிட்டதில்லை. ஞாயிறு காலையில் தாத்தாவின் எண்ணெய்க் குப்பி எல்லாக் கீலுக்கும் போய்வரும்.

கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்கு உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தூண்கள் தரைப்படை, சிறகு போன்ற கூரை வான்படை, மேலே எழும் பகுதி கடற்படை. கல்லறையில்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எஸ்பிளனேட் பூங்காவில், 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டி, பிரிட்டிஷார் திரும்பி வந்து இடித்த நினைவுச் சின்னத்தின் இடத்தையும் காட்டுங்கள். அவை மாண்டவர்களுக்கு. எங்கள் தாத்தாவும் அவர் மச்சானும் உயிரோடு திரும்பியவர்கள். உயிரோடு திரும்பியவர்களுக்குச் சுவர் கிடையாது. அவர்களுக்கு இருப்பது வீட்டில் சொன்ன கதை மட்டும்தான். அந்தக் கதை தமிழில் இருக்கிறது!

இதற்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன். என் தம்பி மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கிறான். தாத்தாவின் படத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்பான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது அங்கே தெரிகிறது. ஆனால் பாட்டியிடம் கேட்க அவனுக்குத் தமிழ் வரவில்லை. அவன் ஆங்கிலம் பாட்டிக்குப் புரியவில்லை. இடையில் நாங்கள் நின்று சொன்னது பாதி, விட்டது பாதி. பாட்டியும் போய்விட்டார். பெற்றோர்களே, தேர்வுக்குத் தமிழ் பள்ளியில் கிடைக்கும். பாட்டியோடு பேசும் தமிழை நீங்கள்தான் வீட்டில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் தமிழ் பேசுங்கள், இன்றிரவே தொடங்குங்கள்.

சிலேத்தாரைப் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை. தலைவர் மணியைத் தொடுகிறார்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இலிருந்து மூத்தோர் குரல்களைப் பதிந்து வருகிறது. எல்லா வீட்டுக்கும் அவர்களால் வர முடியுமா? உங்கள் வீட்டில் போர்க்காலத்தைக் கண்டவர் இருந்தால், கைபேசியை மேசையில் வைத்துப் பதிவை அழுத்துங்கள். எடுத்த எடுப்பில் போரைக் கேட்காதீர்கள். அப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் தானே வரும். பின்வாசல் அருகே மேசையில் நம் இளையர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பழைய படங்களையும் சம்பளப் புத்தகங்களையும் அங்கேயே படியெடுத்து, அசலை உங்கள் கையில் தந்துவிடுவார்கள். எட்டரை மணி வரை இருப்பார்கள். நன்றி, வணக்கம்.