நெய் பிஸ்கட்டும் மலேசிய வெயிலும்

வணக்கம் நேயர்களே. தீபாவளி நெருங்குகிறது. முறுக்கு மாவு அரைக்கும் பேச்சு உங்கள் வீடுகளில் ஆரம்பித்திருக்கும். முறுக்கைப் பற்றிப் பேச என்னைவிடத் தேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் பேச வந்தது நெய் பிஸ்கட்டைப் பற்றி. சுஜி பிஸ்கட் என்றும் சொல்வோமே, அதுதான். வெள்ளையாக, மேலே லேசாக வெடிப்பு விட்டு, வாயில் போட்டதும் உதிர்ந்து கரைந்துபோகும்.

அதில் போடுவது என்ன? நெய், ஐசிங் சீனி, கோதுமை மாவு, ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, பால் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. இவ்வளவு சுருக்கமான பலகாரம் வேறு எதுவும் நம் தீபாவளித் தட்டில் இல்லை. ஆனாலும் பாருங்கள், ஒரே அம்மாவிடம் கற்றுக்கொண்ட இரண்டு மகள்கள் செய்தால் இரண்டு விதமாக வரும். ஒருத்திக்குப் பூவாக உதிரும், இன்னொருத்திக்குத் தட்டையாகப் பரந்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். கைராசி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கைராசிக்கு இதில் வேலையே இல்லை. நெய் எந்தப் பதத்தில் இருந்தது என்பதுதான் விஷயம்.

என் அம்மா பால் டின்னால்தான் அளப்பார். கெட்டிப்பால் தீர்ந்த பிறகு கழுவிக் காயவைத்த அந்த டின். "நெய் ஒரு டின், சீனி முக்கால் டின், மாவு பிடிக்கிற அளவு." இவ்வளவுதான் சமையல் குறிப்பு. மாவு பிடிக்கிற அளவு என்றால் எவ்வளவு என்று கேட்டால், பிசையும்போது தெரியும் என்பார். அப்போது எனக்கு எரிச்சலாக வரும். இப்போது யோசித்தால், அவர் சொன்னது மிகச் சரி. ஏனென்றால் நெய்யின் நிலை மாறினால், அது பிடிக்கிற மாவின் அளவும் மாறும்.

நெய் சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முழுக்க உருக ஆரம்பிக்கும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஆனால் நம் ஊர் மதிய வெயிலும் அதே 32, 33 தானே! அடுப்படி அலமாரியில் இருக்கும் நெய் டின்னைத் திறந்து பாருங்கள். மேலே மஞ்சளாக எண்ணெய் நிற்கும், அடியில் மணல் மணலாக உறைந்திருக்கும். மேலாக அள்ளினால் ஒரு பிஸ்கட், அடியிலிருந்து தோண்டினால் வேறொரு பிஸ்கட். டின் ஒன்றுதான், நெய்யும் ஒன்றுதான்.

எனவே முதல் வேலை நெய்யைச் சரிசெய்வது. டின்னை நன்றாகக் கலக்கிவிட்டு, தேவையானதை ஒரு பாத்திரத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இடையிடையே கிளறிவிடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், அந்தப் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், ஆனால் விரலுக்கு வலிக்கக் கூடாது. அதுதான் பதம். கல்லாக இறுகிவிட்டால் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், சூடு காட்டாதீர்கள்.

இந்தப் பதத்தில் இருக்கும் நெய்யோடு ஐசிங் சீனியைச் சலித்துப் போட்டு அடித்தால், மஞ்சள் நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். உள்ளே காற்றுப் போகிறது என்று அர்த்தம். அந்தக் காற்றுதான் பிஸ்கட்டை லேசாக்குகிறது. உருகிய நெய்யை எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது. சிலர் அதற்குப் பதிலாக ஆப்பசோடாவைக் கூட்டிப் போடுவார்கள். அது அளவு மீறினால் பிஸ்கட் மஞ்சளடிக்கும், கடைசியில் நாக்கில் சோப்பு வாசம் தட்டும். எங்கள் வீட்டில் போடுவதே இல்லை.

பட்டரில் செய்யலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது வேறு பிஸ்கட். பட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். தண்ணீர் பட்டால் மாவில் பசைத்தன்மை கூடும், பிஸ்கட் மொறுமொறுவென்று உடையும். நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லவே இல்லை, அதனால்தான் உடையாமல் உதிர்கிறது. மார்ஜரினைப் பற்றி மட்டும் நான் சமாதானமாகப் பேச மாட்டேன். விலை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். தின்று முடித்த பிறகு மேல் அன்னத்தில் மெழுகு பூசிய மாதிரி நிற்கிறதே, அதை என்ன செய்வது?

சரி, மாவுக்கு வருவோம். இந்த ஊர் ஈரக்காற்றில் மாவும் ஈரம் இழுத்து வைத்திருக்கும். மலாய்க்கார வீடுகளில் நோன்புப் பெருநாள் பிஸ்கட்டுக்கு மாவை வெறும் சட்டியில், ஒரு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு, இளஞ்சூட்டில் வறுத்து எடுப்பது உண்டு. அதை அப்படியே நாமும் செய்யலாம். மாவு நிறம் மாறக் கூடாது, கரண்டியில் அள்ளினால் லேசாகப் பறக்க வேண்டும், இலை காய்ந்து சலசலக்க வேண்டும். முழுக்க ஆறிய பிறகு சலித்துப் பயன்படுத்துங்கள். சூட்டோடு போட்டால் நெய் உருகி, இதுவரை அடித்த உழைப்பெல்லாம் வீண்.

அளவு குறித்துக்கொள்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நெய் 250 கிராம், ஐசிங் சீனி 175 கிராம், மாவு 420 கிராம். 400 கிராமை முதலில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிசையவே வேண்டாம், சேர்த்துக் கூட்டினால் போதும். உள்ளங்கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் உடைய வேண்டும். அது வரும்வரை மிச்ச மாவைத் தூவுங்கள். அம்மா சொன்ன "பிடிக்கிற அளவு" இதுதான்.

பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டித் தட்டில் வையுங்கள். மேலே பாதி முந்திரியோ செர்ரியோ வைப்பது உங்கள் விருப்பம். செர்ரிச் சிவப்பு பிள்ளைகளை இழுக்கும், பெரியவர்கள் முந்திரியைத் தேடுவார்கள். முதலில் ஒரே ஒரு உருண்டையை மட்டும் ஓவனில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பரந்து ஓடினால், உருட்டி வைத்த தட்டை ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வையுங்கள். பாளம் பாளமாகப் பிளந்தால் மாவு கூடிவிட்டது, ஒரு கரண்டி நெய் சேருங்கள்.

ஓவன் சூடு 160 டிகிரி. 15 முதல் 20 நிமிடம். மேலே சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள், மேல்பக்கம் கடைசிவரை வெள்ளைதான். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொன்னிறம் லேசாக ஏறியிருக்கும், அது போதும். வெளியே எடுத்ததும் தொடாதீர்கள். சூட்டில் அது பிஸ்கட்டே இல்லை, வெறும் மாவுதான். தட்டிலேயே ஆறினால்தான் நெய் மறுபடி உறைந்து இறுகும்.

ஆறாமல் டின்னில் போடுவதுதான் பலருக்கும் நடக்கிற விபத்து. உள்ளே வேர்த்து, மறுநாள் எல்லாம் நமத்துப்போகும். சாயங்காலம் மழை பிடிக்கிற மாதம் வேறு. சிவப்பு மூடி போட்ட அந்த உயரமான பிளாஸ்டிக் டின் இருக்கிறதே, நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வீடு வீடாகச் சுற்றுகிற டின், அது நல்ல டின்தான். அடியில் காகிதம் போட்டு, அடுக்கடுக்காக வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். டேப் காற்றுக்கும் தடை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தடை.

திறந்த இல்ல உபசரிப்பில் எங்கள் வீட்டு மேசையில் முதலில் வைப்பது இந்த டின்னைத்தான். முட்டை இல்லாததால் சைவம் சாப்பிடுகிற பெரியம்மாவுக்கும் ஆகும், கடலை இல்லாததால் அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் ஆகும். முந்திரி வைத்ததைத் தனி டின்னில் போட மட்டும் மறக்காதீர்கள். வெனிலா சேர்க்கிறவர்கள், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவை நினைத்து, ஹலால் முத்திரை உள்ள புட்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சில எசென்ஸில் ஆல்கஹால் கலந்திருக்கும். நல்ல நெய் என்றால் வெனிலாவே வேண்டாம் என்பது என் கட்சி.

நன்றி. வணக்கம்.