முதலில் அவர்களுக்கே காட்டுங்கள்

வணக்கம் நேயர்களே. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டூரிங் டாக்கீஸ் ஞாபகம் இருக்கும். மணலைக் குவித்து உட்கார்ந்து படத்துக்குக் காத்திருப்போம். முதலில் வருவது நியூஸ் ரீல். எங்கோ வெள்ளம், எங்கோ அணைத் திறப்பு விழா. கனத்த குரலில் ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். திரையில் தெரிகிற விவசாயியோ நெசவாளியோ வாயே திறக்க மாட்டார். அவருக்காகவும் அந்தக் குரலே பேசிவிடும்.

பல வருஷமாக ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டிவருகிறவன் நான். ஆவணப்படத்தால் ஓர் ஊர் மாறுமா என்று கேட்பவர்களிடம் ஒரு தீவின் கதையைச் சொல்வேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. அதன் கரையை ஒட்டி ஃபோகோ என்றொரு தீவு. 1967-ல் அங்கே சுமார் ஐயாயிரம் பேர், சிறுசிறு மீனவ ஊர்களாகச் சிதறி இருந்தார்கள். காட் மீன்தான் பிழைப்பு. சின்னப் படகு, பெரிய கப்பல்களோடு போட்டி போட முடியவில்லை. பலர் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள். அரசாங்கமோ, கடலோரத்து ஊர்களைக் காலி செய்து வேறிடத்தில் குடியேறினால் பணம் தருகிறோம் என்றது. பாட்டன் பூட்டன் இருந்த இடத்தை விட்டுப் போக மனசில்லை. சேர்ந்து எதிர்க்கவும் வழியில்லை. ஓர் ஊர் கத்தோலிக்கர், பக்கத்து ஊர் புராட்டஸ்டண்ட். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே அபூர்வம். நம் ஊர்களில் மேலத்தெருவும் கீழத்தெருவும் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடன் கூட நின்றார். ஃப்ரெட் எர்ல் என்ற களப்பணியாளர் வீடு வீடாகத் தெரிந்தவர்.

லோ ஒரு பெரிய படம் எடுக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட குட்டிக் குட்டிப் படங்கள் எடுத்தார். ஒரு படத்தில் ஒரு மீனவர் பேசுவார், அவ்வளவுதான். இன்னொன்றில் ஒரு கல்யாணம். இன்னொன்றில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஏன் இப்படி? டிவி விவாதம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒன்று சொல்வார், வெடுக்கென்று வெட்டி எதிர்ப்பேச்சைக் காட்டுவார்கள். முதலில் பேசியவர் முட்டாளாகத் தெரிவார். நாளைக்கும் அதே கரையில் முகம் பார்த்து வாழ வேண்டிய மனுஷர்களை அப்படி வெட்டி ஒட்டக்கூடாது என்று லோ நினைத்தார். ஒரு மனுஷரை முழுசாகப் பேச விடு, குறுக்கே வெட்டாதே என்பது அவர் வழி.

இன்னொன்றும் செய்தார். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். எடுத்ததை யாரை எடுத்தாரோ அவரிடமே முதலில் காட்டினார். வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம். அவர் சம்மதித்த பிறகுதான் அடுத்த ஊருக்கு, அதன் பிறகுதான் மாகாணத் தலைநகருக்கு. முதலில் அவர்களுக்கே.

இது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது ஒரு ரேஷன் கடைச் சுவரில். தண்ணீர்ப் பஞ்சம் பற்றி ஓர் ஊரில் நாலு தெருவில் படம் எடுத்திருந்தோம். வெளியே எங்கும் காட்டுவதற்கு முன் அங்கேயே காட்டிவிடலாம் என்று, சுவரில் எட்டு முழ வேட்டியைக் கட்டினோம். ஸ்டூல் மேல் புரொஜெக்டர். வெளிச்சத்தில் ஈசல் மொய்க்கிறது. திரையில் ஒரு பாட்டி வந்து, டேங்கர் லாரியில் தண்ணீர் பிடிக்கிற கதையைச் சொல்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே பாட்டி எழுந்துவிட்டார். "தம்பி, நிறுத்து. குடம் ரெண்டு ரூவான்னு சொல்லிட்டேன். அது போன வருஷம். இப்ப அஞ்சு. மாத்தி எடு." பின்னாலிருந்து ஓர் அம்மா, "அஞ்சா? எங்க தெருவுல ஏழு வாங்குறானே!" என்றார். ஒரே லாரி, ஒரே தண்ணீர், தெருவுக்கு ஒரு விலை. இத்தனை மாசமாக யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் படம் பாதியில் நின்றது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேச்சு ஓயவில்லை. மறுநாள் காலையில் லாரிக்கு முன்னால் நாலு தெருவும் சேர்ந்து நின்றது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று இன்றும் நம்புகிறேன்; அதை முழுதாக யாரும் பார்க்கவில்லை.

ஃபோகோவிலும் இதுதான் நடந்தது. கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்கியவர் திரையில் பேசினார். அடுத்த ஊர்க்காரர் அதைக் கேட்டு, நம் கஷ்டம்தானே இதுவும் என்றார். படங்கள் தலைநகருக்குப் போயின. மீன்வளத் துறை அமைச்சரின் பதிலையும் படமாக எடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதன் பிறகு மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். பெரிய படகுகளைத் தாங்களே செய்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தீவின் நடுவே எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவாக உயர்நிலைப் பள்ளி வந்தது. தீவு காலியாகவில்லை. 1992-ல் காட் மீன்பிடிப்பையே அரசு நிறுத்தியபோதும் சங்கம் நண்டுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. எல்லாம் படத்தால் வந்தது என்று சொன்னால் அது தப்பு. லோ போவதற்கு முன்பே அங்கே ஊர் மேம்பாட்டுக் குழு இருந்தது, எர்ல் இருந்தார். அவர்கள் இல்லாவிட்டால் படம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான அகமதாபாத் சேவாவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 1984-ல் அங்கே பெண் தொழிலாளர்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் சந்தையில் காய்கறி விற்றவரும் உண்டு. வெளியிலிருந்து காமிராக்காரர் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தராசு பிடித்த கையாலேயே காமிராவையும் பிடித்தார்கள். மீதியை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.