கூட்டம் கன்சோலுக்கா, டிராகன் குவெஸ்டுக்கா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வீடியோ விளையாட்டின் விற்பனையைத் தீர்மானிப்பது அதை ஆடும் கருவியான கன்சோலன்று, விளையாட்டே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய நண்பர், "வெள்ளத்தோடு போகும் கட்டை தன்னை நீச்சல்காரன் என்று சொல்லிக்கொள்கிறது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டுத் தொடரைத்தான் அவர் கட்டை என்றார்; கன்சோல் வைத்திருக்கும் கூட்டத்தை வெள்ளம் என்றார். 2017 ஜூலை 29 அன்று அதன் பதினோராம் பாகம் ஜப்பானில் நிண்டெண்டோ 3டிஎஸ், சோனியின் பிளேஸ்டேஷன் 4 ஆகிய இரு கன்சோல்களிலும் ஒரே நாளில் வந்தது. முதல் இரண்டு நாளில் 3டிஎஸ்ஸில் 11 லட்சத்துக்கும் மேல், பிளேஸ்டேஷனில் 9 லட்சத்துக்கும் மேல் விற்றது. கூட்டம் நிண்டெண்டோவிடம் இருந்தது, ஆகவே நிண்டெண்டோ வென்றது என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை முழுதாகப் போடுவோம். அப்போது ஜப்பானில் 3டிஎஸ் 2 கோடிக்கு மேல் விற்றிருந்தது. பிளேஸ்டேஷன் 4 ஏறத்தாழ 50 லட்சம்தான். வெள்ளம்தான் கட்டையை இழுத்ததென்றால், நான்கு மடங்கு பெரிய வெள்ளம் நான்கு மடங்கு விற்றிருக்க வேண்டாமா? இரண்டும் தோளுரசி நின்றன. நூறு 3டிஎஸ்ஸுக்கு ஐந்தாறு விற்ற அதே விளையாட்டு, நூறு பிளேஸ்டேஷனுக்குப் பதினெட்டுக்கு மேல் விற்றது. சிறிய ஆற்றில் மூன்று மடங்கு வேகமாகப் போகும் கட்டையை நான் பார்த்ததில்லை ஐயா!

கட்டை ஆறு மாறுமா? இது மாறியது. 1986 முதல் 1995 வரை ஆறு பாகங்கள் நிண்டெண்டோவில் வந்தன. ஏழாம் பாகம் 2000இல் பிளேஸ்டேஷனுக்குப் போய் ஜப்பானில் மட்டும் 40 லட்சத்தைத் தாண்டியது. ஒன்பதாம் பாகம் 2009இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்குத் திரும்பி, அங்கும் 40 லட்சத்தைத் தாண்டியது. அதிகம் பேரிடம் உள்ள கன்சோலையே படைப்பாளர் யூஜி ஹோரி நாடுவார் என்று நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் போன இடமெல்லாம் வாங்குவோர் உடன் வந்தார்களே, அதற்கு எந்தக் கன்சோல் காரணம்?

1988 பிப்ரவரி 10க்கு வாருங்கள். புதன்கிழமை, பள்ளி நாள். மூன்றாம் பாகம் வெளிவருகிறது. கடை வாசல்களில் விடியுமுன்பே வரிசை; வரிசையில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்; அவர்களைப் பிடிக்கக் காவலர்கள். காவலர்கள், ஐயா, ஒரு விளையாட்டுக்காக! அந்தப் பிள்ளைகள் எதற்கு நின்றார்கள்? கன்சோலுக்கா? அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அவர்கள் நின்றது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேசட்டுக்காக. அதன்பின் ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று எல்லாம் சனிக்கிழமையிலேயே வந்தன.

கடைசியாக ஒன்று. முதல் பாகத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. திரை தரும் இருபது எழுத்து 'உயிர்ப்பிக்கும் மந்திரத்தை'த் தாளில் எழுதிவைக்க வேண்டும், ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எல்லாம் போயிற்று. முப்பத்தொரு ஆண்டு கழித்துப் பதினோராம் பாகம் அந்த மந்திரத்தை மீண்டும் கொண்டுவந்தது. 3டிஎஸ்ஸில் கிடைத்ததைப் பிளேஸ்டேஷனில் இட்டால் கதையில் ஏறத்தாழ விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே அந்த எழுத்துகள் நடந்து போயின. அன்று நோட்டுப் புத்தகத்தில் நடுங்கும் விரலால் எழுதிய ஒரு பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் தன் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அவ்வாறே எழுத்தெழுத்தாக ஒரு மந்திரத்தை இடுவதை நினைத்துப் பாருங்கள், ஐயா. அந்தப் பழைய நோட்டில் எந்தக் கன்சோலின் பெயரும் எழுதியிருக்காது.

நன்றி, வணக்கம்.