மாடு ஏன் பாலை எக்கிக்கொள்கிறது?

கோவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். ஹார்மோன்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நம் கட்டுத்தறியிலிருந்தே தொடங்குகிறேன்.

காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் ஆவதற்குள் அந்தச் சிவப்பு மாறிச் சாம்பல் நிற மயிலையாகிவிடும். இது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதற்கப்புறம் நடப்பதைப் பாருங்கள். பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு, விட்ட கன்றுக்கு வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் தொடையும் கறுத்துக்கொண்டே போகும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை ஏறாது, மயிலையாகவே நிற்கும். இரண்டும் ஒரே கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்தவைதான். வித்தியாசம், விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். விதை எங்கே இருக்கிறது, திமில் எங்கே இருக்கிறது! அங்கிருந்து இங்கே சேதி எப்படிப் போனது?

1849இல் ஜெர்மனியில், கோட்டிங்கன் நகரில், பெர்த்தோல்டு என்பவர் சேவல்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார். விதையை எடுத்துவிட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கியது. சண்டைக்கும் போகவில்லை, சரியாகக் கூவவும் இல்லை. வேறு சில சேவல்களுக்கு, எடுத்த விதையை வயிற்றுக்குள் இன்னோர் இடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்துபோயிருந்தது. ஆனாலும் கொண்டை வளர்ந்தது, சேவல் கூவியது. அப்படியானால் சேதி ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. அந்தச் சேதிக்கு ஹார்மோன் என்ற பெயரை லண்டனில் ஸ்டார்லிங் வைத்தது 1905இல். தூண்டிவிடுவது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல் அது.

எச்சில் சுரப்பிக்குக் குழாய் உண்டு. பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல் இவற்றுக்குக் குழாய் கிடையாது, சுரப்பது நேராக ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். மாட்டுக்கும் மனிதருக்கும் இந்தச் சுரப்பிகள் பெரும்பாலும் ஒன்றுதான். 1922 ஜனவரியில் டொராண்டோவில், சர்க்கரை நோயால் உயிருக்குப் போராடிய 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்ட இன்சுலின், மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. அப்புறம் பல பத்தாண்டுகள், மாடும் பன்றியும் கொடுத்த இன்சுலினில்தான் லட்சக்கணக்கானவர்கள் உயிரோடு இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துபோகும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பாலைப் பற்றி.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தலையீத்துக் கிடாரி ஒன்று பாலை எக்கிக்கொள்கிறது, அதாவது மடியில் பால் இருந்தும் இறக்க மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் பையோடு கட்டுத்தறிக்குள் போனேன். கிடாரி காதை விறைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டு அப்பத்தா, "ஏனுங்க டாக்டரு, கொஞ்சம் அக்கட்டால போயி நில்லுங்க, மாடு மிரளுதுங்க" என்றார். நான் வேலியோரம் வெள்வேல மரத்தடிக்குப் போய்விட்டேன். அவர் கன்றை அவிழ்த்துவிட்டார். அது இரண்டு முட்டு முட்டியது. அவர் எதுவும் பேசாமல் கிடாரியின் முதுகை நீவிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நான்கு காம்பும் திமிறிக்கொண்டு வந்தன. கன்றின் கடைவாயில் நுரை.

மடியில் பால் குடத்துத் தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டு நிற்பதில்லை. பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் அடைந்து கிடக்கும். கன்று முட்டியதும் அந்த உணர்ச்சி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி, மடிக்கு வந்து, அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைப் பிழிகிறது. இதன் வேகம் சில நிமிடங்கள்தான். சுரப்பு விட்டபின் போனில் பேசிக்கொண்டு நின்றால் பால் போய்விடும். மாடு பயந்தாலோ அடிபட்டாலோ அட்ரினலின் சுரக்கும். அது மடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆக்சிடோசினின் வேலையையும் தடுத்துவிடும். பசு வேண்டுமென்றே பாலை மறைப்பதில்லை. சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். திருட்டு மாடு என்று அதைக் குச்சியால் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு கொடுமை, ஊசி. கன்று செத்துப்போன மாட்டுக்குத் தினம் இரண்டு வேளை ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறந்துகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் அந்த மாடு ஊசி இல்லாமல் சொட்டுப் பால் இறக்காமல் போனது. ஆக்சிடோசின் எங்களுக்கு வேண்டிய மருந்துதான், ஈற்றுச் சமயத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் பால் கறப்பதற்காக மாட்டைக் கெடுக்கும் ஊசி போடுவது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி குற்றம். கன்று இல்லாத மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடையுங்கள், அடர்தீவனம் வையுங்கள், தினம் ஒரே ஆள் ஒரே நேரத்துக்குக் கறங்கள். நாளடைவில் அந்தப் பாத்திரச் சத்தத்துக்கே சுரப்பு விடும். நானே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் ஊசிக்கு வேலையே இல்லாமல் போனது. கைகழுவத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே அப்பத்தா, பேரனுக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று வருத்தப்பட்டார். பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் சத்தம். ஆளுக்கொரு யோசனை, நடுநடுவே மருமகளுக்குத் திட்டு. நான் மாட்டு டாக்டர், பெண்களுக்கு வைத்தியம் சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் காட்டச் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்: "ஆத்தா, உங்க கிடாரிக்குப் பால் இறக்குற அதே ஹார்மோன்தான் உங்க மருமகளுக்கும். ஒன்பது அமினோ அமிலம், ஒரு இம்மி வித்தியாசம் கிடையாதுங்க."

அப்பத்தா கொஞ்ச நேரம் கிடாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வீட்டுக்குள் போனார். உள்ளே இருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவருக்குப் பின்னால் அப்பத்தா கதவைச் சாத்தினார்.

வணக்கம்.