சம்பளக் கோடு பிரியற இடம்

(திரையில்: இரண்டு கோடுகள் சேர்ந்து மேலே ஏறுகின்றன)

வணக்கம். இந்த ரெண்டு கோட்டையும் கொஞ்சம் பாருங்க. ஒண்ணு ஆண்களோட வருமானம், இன்னொண்ணு பெண்களோடது. டென்மார்க்ல பல வருஷப் பதிவேடுகளை வச்சு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது. ஆரம்பத்துல ரெண்டும் ஒரே போக்குல ஏறுது. இதோ, இந்த இடத்துல பெண்களோட கோடு மட்டும் சட்டுனு சரியுது. அது முதல் குழந்தை பிறக்கற வருஷம். ஆண்களோட கோட்டுல அசைவே இல்லை. அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் போயும் பெண்களோட வருமானம் சுமார் 20 சதவீதம் பின்தங்கியே நிக்குது.

ஊதிய இடைவெளின்னு சொன்னதும், பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே வேலை செய்யற ரெண்டு பேருக்கு ரெண்டு விதமான சம்பளம்ங்கறதுதான் மனசுக்கு வருது. அந்த அநியாயம் இன்னும் இருக்கு, அதுக்குப் பின்னால வர்றேன். ஆனா இன்னைக்குப் படிச்சு வேலைக்குப் போற பெண்கள் இழக்கறதுல பெரும்பங்கு, இந்தச் சரிவுலதான் போகுது.

ஏன் சரியுது? இதைப் பல வருஷம் ஆராய்ஞ்சவங்க கிளாடியா கோல்டின். 2023-ல பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினவங்க. அவங்க காட்டினது இதுதான்: பல துறைகள்ல வாரம் 60 மணி நேரம் உழைக்கறவருக்கு, 30 மணி நேரம் உழைக்கறவரை விட ரெண்டு மடங்குக்கும் மேல சம்பளம் கிடைக்குது. ராத்திரி போன் வந்தாலும் எடுக்கறவர், திடீர்னு கூப்பிட்டாலும் கிளம்பறவர், அவருக்குத்தான் பதவி உயர்வு. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா ரெண்டு பேரும் அப்படி ஓட முடியாது. ஒருத்தர் நேரத்துக்கு வீடு திரும்பற வேலைக்கு மாறணும். அந்த ஒருத்தர் பெரும்பாலும் அம்மாதான். சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில நாலுல மூணு பங்கு பெண்கள் தலையிலதான் விழுதுன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல கணக்குச் சொல்லுச்சு.

(திரையில்: ஒரு மருந்துக் கடையின் கவுன்ட்டர்)

இது மாத்த முடியாத விதியான்னு கேட்டா, இல்லை. அமெரிக்காவுல மருந்தாளுநர் வேலையை கோல்டினும் இன்னொரு பொருளாதார அறிஞரான லாரன்ஸ் காட்ஸும் ஆராய்ஞ்சாங்க. நல்ல சம்பளம் தர்ற வேலைகள்லயே ஆண் பெண் வித்தியாசம் ரொம்பக் குறைஞ்ச வேலை அது. காரணம், வேலையோட அமைப்பு. நோயாளி எந்த மருந்து சாப்பிடறார்ங்கற விவரம் கம்ப்யூட்டர்ல இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒருத்தர் கிளம்பினா, அடுத்து வர்றவர் அதைப் பார்த்துட்டு விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். ஒருத்தரோட வேலையை இன்னொருத்தர் எடுத்துக்க முடியுதுங்கறதால, பாதி நேரம் வேலை பார்த்தா கிட்டத்தட்ட பாதிச் சம்பளம். குறைஞ்ச நேரம் வேலை பார்க்கறதுக்குன்னு தனியா ஒரு தண்டனை இல்லை. பெண்களை மாறச் சொல்லி யாரும் அங்க பயிற்சி வகுப்பு எடுக்கலை, வேலைதான் மாறுச்சு. எனக்கு இந்த ஆய்வு மேல அவ்வளவு நம்பிக்கை வர்றதுக்கு இதுதான் காரணம்.

அடுத்தது வீட்டுப் பக்கம். கனடாவோட கியூபெக் மாகாணம் 1997-ல ஒரு நாளைக்கு 5 டாலர்ல குழந்தைக் காப்பகம் கொண்டுவந்தது. சின்னக் குழந்தை வச்சிருந்த அம்மாக்கள் நிறைய பேர் வேலைக்குப் போனாங்க. 2006-ல அப்பாக்களுக்குன்னு தனியா விடுப்பு வந்தது. அவர் எடுக்கலைன்னா அது வீணாப் போகும், அம்மாவுக்கு மாத்திக் கொடுக்க முடியாது. அதுக்கப்புறம் விடுப்பு எடுக்கற அப்பாக்கள் எண்ணிக்கை மளமளன்னு ஏறுச்சு. விடுப்பை ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சா, அது அம்மா கணக்குலதான் போய்ச் சேரும்.

சரி, ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம்ங்கற அந்தப் பழைய அநியாயத்துக்கு வருவோம். அது பிழைச்சிருக்கறதே ரகசியத்துலதான். அமெரிக்காவுல டயர் ஆலை ஒண்ணுல மேற்பார்வையாளரா இருந்தவங்க லில்லி லெட்பெட்டர். அவங்களோட சம்பளம் மாசம் 3,727 டாலர். அதே பொறுப்புல இருந்த ஆண்கள்ல மிகக் குறைவா வாங்கினவருக்கே 4,286. பத்தொன்பது வருஷ வேலையோட கடைசிக் கட்டத்துல, யாரோ பேர் போடாம வச்சுட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் அவங்களுக்கு இது தெரியவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சம்பளத்தை முடிவு பண்ணி 180 நாளுக்குள்ள புகார் கொடுக்கலைன்னு சொல்லி, 2007-ல நீதிபதிகள்ல அஞ்சு பேர் எதிராவும் நாலு பேர் ஆதரவாவும் நின்னதுல தோத்தாங்க. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுக்கறது? 2009-ல அவங்க பேராலேயே ஒரு சட்டம் வந்து அந்தக் கெடுவை மாத்துச்சு.

ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேல போச்சு. 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற நிறுவனம் சமமான சம்பளம் கொடுக்கறதை அதுவே நிரூபிக்கணும்னு 2018-ல சட்டம் அமலுக்கு வந்தது. நிரூபிக்கற சுமை பெண்ணோட தோள்லேர்ந்து முதலாளி தோளுக்கு மாறுச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல கொண்டுவந்த விதிப்படி, விண்ணப்பிக்கறவங்களுக்கு சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்லணும். முந்தைய சம்பளம் எவ்வளவுன்னு கேட்கவே கூடாது. ஏன்னா, முதல் வேலையில குறைச்சுக் கொடுத்தது, அந்த ஒரு கேள்வி வழியா அடுத்தடுத்த வேலைக்கும் கூடவே வருது.

ஆள் எடுக்கற பொறுப்புல நீங்க இருந்தா, இதுக்காக சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்க விண்ணப்பப் படிவத்துல "தற்போதைய சம்பளம்"ங்கற கட்டத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல இந்த வேலைக்கு நீங்க ஒதுக்கியிருக்கற தொகையைப் போடுங்க.